இரண்டு சாப்பாடு, ஒரு பன் தூரம்

எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று தட்டக்காவிடம் கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. மணிக்கணக்கிலும் வராது. "அதுவா? ஒரு பொட்டலம்தான்" என்பாள். இன்னொரு ஊரைக் கேட்டால் "ஒரு சாப்பாடு" என்பாள். கேட்டவர்கள் திருதிரு என்று முழிப்பார்கள். அவள் வேலை அப்படி, என்ன செய்வது?

விமான நிலையத்தின் பின்பக்கம், ஓடுபாதைச் சுவரை ஒட்டி ஒரு பெரிய சமையல்கூடம் இருக்கிறது. இங்கிருந்து கிளம்பும் விமானங்களுக்கெல்லாம் சாப்பாடு அங்கிருந்துதான் ஏறுகிறது. சட்டென்று போய் இறங்குகிற விமானம் என்றால் ஆளுக்கு ஒரு சிற்றுண்டிப் பொட்டலம். ஐந்தாறு மணி நேரம் பறக்கிறதென்றால் ஒரு முழுச் சாப்பாடு. அதற்கும் மேலே, கடல் தாண்டிக் கண்டம் தாண்டிப் போகிறதென்றால் ஏறினதும் ஒரு சாப்பாடு, இறங்கும் முன் ஒரு சாப்பாடு, நடுவில் வயிறு காயக்கூடாதே என்று ஒரு பன். தட்டக்காவுக்கு இந்த உலகமே இப்படி மூன்று வட்டமாகத்தான் பிரிந்து கிடந்தது. மூன்றாவது வட்டத்துக்கு அப்பால் ஊர் கிடையாது. இருந்தாலும் அவளுக்கு அக்கறை இல்லை.

கல்யாணமாகி, ஒரே பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கையோடு இந்த வேலையில் சேர்ந்தவள். முதலில் தட்டுக் கழுவினாள். பிறகு தட்டு அடுக்கினாள். "அந்தத் தட்டு அக்காவைக் கூப்பிடு" என்று ஆரம்பித்த பேர் தேய்ந்து தட்டக்கா ஆகிவிட்டது. இப்போது அவளுக்குத் தனி மேசை. உப்பு ஆகாது என்று வைத்தியர் சொல்படி சாப்பிடுகிறவர்களுக்கான தட்டுகள் மட்டும் அவள் கையில்தான் தயாராகும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மேசைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மற்ற மேசையிலிருந்து போகிற தட்டுகள் யார் வாய்க்குப் போகின்றன என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். தட்டக்காவின் தட்டில் மட்டும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். ஆசன எண்ணும் பயணியின் பெயரும் அதில் இருக்கும். அவள் அந்தப் பெயர்களோடு பேசிக்கொண்டே வேலை செய்வாள். "உங்களுக்கு உப்பு ஆகாதாக்கும்? பேரைப் பாத்தா வயசானவர் மாதிரி இருக்கு, பல்லு இருக்கோ என்னவோ" என்று சொல்லி அவருக்கென்று மெத்தென்ற பன்னாகத் தேடி எடுப்பாள். பக்கத்து மேசையில் பன் அடுக்குகிறவள் தலையில் அடித்துக்கொள்வாள். "அக்கா, அவரு என்ன உங்க மாமனாரா?"

"மாமனாருக்கு இவ்வளவு பாத்திருக்க மாட்டேன்டி" என்பாள் தட்டக்கா.

மனசு வெல்லம். வாய் மட்டும் நெருப்பு. கோபம் வந்தால் முன்பின் பார்க்காமல் கொட்டிவிடுவாள். கொட்டின பிறகு அள்ளத் தெரியாது. புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். போகிற வழியெல்லாம் ஜனங்களிடம் வசவு வாங்கிப் பழகின மனுஷன் என்பதால் வீட்டிலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மகள் அப்படி இல்லை. தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்? அம்மா ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். அது முடிந்ததும் வாயைத் தைத்துக்கொள்வாள்.

மகளுக்குப் பல்செட் செய்கிற வேலை. மெழுகிலே பல்லை வடித்து, ஈறு நிறத்துக்குச் சாயம் சேர்த்து, நிஜப் பல் தோற்றுப்போகிற மாதிரி செய்வாள். கெட்டிக்காரப் பெண். அவள் செய்த பல்லை எங்கேயோ பார்த்து அசந்துபோன, வெளிநாட்டில் பல்செட் செய்கிற ஒரு பெரிய கூடம், வேலைக்கு வா என்று கூப்பிட்டது. ஊர் எது என்று தட்டக்கா கேட்டாள். மகள் சொன்னாள். தட்டக்காவுக்கு அந்த ஊர் தெரியும். தினமும் அந்த விமானத்துக்குத் தட்டு வைக்கிறவள் அவள். இரண்டு சாப்பாடு, ஒரு பன்.

"ஊர்ல எவனுக்கும் பல்லே இல்லியா? அங்க போய்த்தான் பல் செய்யணுமா?"

"பதினாலு மணி நேரம்தான்மா. காலையில கண்ணு முழிச்சு ராத்திரி படுக்கறதுக்குள்ள போயிடலாம்."

"பதிமூவாயிரம் கிலோமீட்டராம்" என்றார் அப்பா. யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். "நம்ம ரூட்டுல போயிட்டே இருந்தா, ஞாயித்துக்கிழமையும் சேத்து ஓட்டினா…"

"நீங்க சும்மா இருங்க. ஒரு சாப்பாட்டு தூரம்னா போயிட்டு வான்னு நானே பெட்டி கட்டித் தருவேன். இது அப்படியா? ஒரு தலைவலின்னா நான் வந்து சேர்றதுக்குள்ள தலைவலியே போயிடும். ஒண்ணும் வேணாம்."

"ஒத்துக்கிட்டேன்மா. டிக்கெட்டும் வந்தாச்சு."

கேட்காமல் முடிவு செய்துவிட்டாள் என்று தெரிந்ததுதான் தாமதம், தட்டக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேலே ஏறிவிட்டது. "அவ்வளவு பெரியவளாயிட்டியா நீ? போ. போறவ அப்படியே போயிடு. திரும்பி இந்த வாசப்படி மிதிக்காதே!"

சொல்லி முடிக்கும்போதே நாக்கு கசந்தது. மகள் ஒன்பது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். மகள் ஒன்றே ஒன்று சொன்னாள். "சரி" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருக்கிறதே ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஓர் ஆள் திரும்பினால் இன்னோர் ஆள் மூச்சைப் பிடிக்க வேண்டிய சமையலறை. அதற்குள் மூன்று பேர். "அப்பா, புடவை இஸ்திரி போடணுமான்னு அம்மாகிட்ட கேளுங்க." "என்னங்க, என்னோடத எனக்கே போட்டுக்கத் தெரியும்னு சொல்லுங்க." பாவம், அவர் மத்தளம். இரண்டு பக்கமும் இடி. சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்குச் சம்பளம் இல்லாத இந்த வேலை வேண்டாம், ரெண்டு பேரும் என்னை விட்டுடுங்க" என்பார். இரண்டு பேரும் அவரையே முறைப்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

தட்டக்காவுக்கு இறங்கிப் பேச வரவில்லை. இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று நாளைக் கடத்தினாள். 'வாசப்படி மிதிக்காதே' என்று சொன்னது மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. அந்தப் பெண் சொன்னால் சொன்னதுதான். சின்ன வயதில், "இனிமே உனக்கு ரிப்பன் கட்ட மாட்டேன்" என்று ஒரு நாள் கோபத்தில் சொன்னதற்கு, மறுநாளே தானே போய் முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றவள். நிஜமாகவே திரும்பி வராமல் இருந்துவிட்டால்? அந்தப் பயம்தான் தட்டக்காவைத் தின்றது. வேறு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மேசையில் ஒரு தட்டுக்குச் சீட்டு ஒட்டும்போது வந்தது. மகள் ஏறுகிற விமானத்துக்கு இங்கிருந்துதானே தட்டு போகிறது? மகளின் பெயர் ஒட்டிய தட்டு ஒன்று தன் மேசைக்கு வந்தால்? வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிவிடலாமே!

அன்று மாலையே புருஷனைப் பிடித்தாள். பயணச்சீட்டு எண்ணைக் கையில் கொடுத்து, விமானக் கம்பெனிக்குப் போன் போடச் சொன்னாள். மகள் வீட்டில் இல்லை. அவர் பேருந்தில் கூவுகிற அதே குரலில் பேசினார். நடுவில் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏம்மா, எந்தச் சாப்பாடு வேணும்னு கேக்கறாங்க. அது என்னென்னவோ பத்து விதம் சொல்றாங்க" என்றார்.

"உப்பில்லாததுன்னு சொல்லுங்க. இல்லேன்னா என் மேசைக்கு வராது."

"உப்பில்லாமலா? அந்தப் பொண்ணு…"

"சொல்றத செய்யுங்க!"

அவர் சொன்னார். போனை வைத்தார். தட்டக்காவுக்கு அன்றுதான் தூக்கம் வந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான், ஆனால் மூக்கைத் தொட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

கிளம்புகிற நாள் வந்தது. விமானம் மத்தியானத்துக்கு. அந்தத் தட்டுகள் காலையில் தயாராகும். தட்டக்கா விடியலிலேயே குளித்து, வேலைக்குப் போகிற வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள். மகள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் பையைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது. பெண் கண்டம் விட்டுக் கண்டம் போகிற நாளில் வேலைக்குப் போகிறாளே ஒரு தாய் என்றுதானே நினைக்கும், வேறு என்ன நினைக்கும்?

"அப்பா, அம்மாவுக்கு இன்னிக்கு லீவு கிடைக்கலியான்னு கேளுங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது.

தட்டக்கா அப்போதே சொல்லியிருக்கலாம். 'உனக்காகத்தான்டி போறேன், பாவி' என்று ஒரு வார்த்தை. "கெளம்பும்போது கதவைச் சாத்தச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று எனக்கே ஆத்திரமாக வருகிறது.

சமையல்கூடத்து மேற்பார்வையாளருக்குத் தெர்மாமீட்டர் என்று பேர். கையில் ஓர் ஊசி வெப்பமானியை வைத்துக்கொண்டு சோறு, காய், குழம்பு எதைக் கண்டாலும் குத்திப் பார்ப்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர்தான் சீட்டுகளைக் கொண்டுவந்து தட்டக்காவின் மேசையில் வைத்தார். மேலாக இருந்த பெயரைப் படித்தார். தட்டக்காவைப் பார்த்தார்.

"இது உங்க பொண்ணு பேருல்ல? இந்த வயசுலயே ரத்தக்கொதிப்பா?"

"அவளுக்கு இல்ல சார். அவளால எனக்கு."

அவர் புருவத்தை ஒரு தடவை ஏற்றி இறக்கினார். அடுத்த மேசைக்குப் போனார்.

தட்டக்கா சீட்டைக் கையில் வாங்கினாள். இத்தனை வருஷமாக எத்தனை பெயர்கள் இந்தக் கையைத் தாண்டிப் போயிருக்கும்! அவள் பெற்று, அவள் கூப்பிட்டு வளர்த்த பெயர் அச்சில் இருந்தது. அவசரத்தில் ஒட்டினது கோணலாகிவிட்டது. எடுத்துத் திரும்ப நேராக ஒட்டினாள். தட்டில் அவள் தன் இஷ்டத்துக்கு ஒன்றும் வைக்க முடியாது. அளவு அளவுதான், வகை வகைதான். ஆனால் அதற்குள்ளேயே தேடினாள். பழத்துண்டுகளில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து எடுத்தாள். கேரட்டில் நுனி இல்லாததாகப் பொறுக்கினாள். சோற்றை அமுக்காமல் பொலபொல என்று வைத்தாள். குழம்பை ஊற்றக் கரண்டியை எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

உப்பில்லாத குழம்பு.

ஐயோ! நாள் முழுக்க உப்பில்லாத தட்டு வைக்கிறவளுக்கு, அந்தத் தட்டில் உப்பு இருக்காது என்பது மறந்தே போயிருந்தது. பெயர் ஒட்டிய தட்டு தன் கைக்கு வர வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அந்த மண்டையில் வேறு எதுவும் ஏறவில்லை. மகளோ சின்ன வயதிலிருந்தே மாங்காயானாலும் சோறானாலும் மேலே ஒரு சிட்டிகை தூவாமல் வாயில் வைக்காதவள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அம்மா சமையலையே ஒதுக்கி வைத்தவள். ஒரு வேளை என்றாலும் போகட்டும், முதல் சாப்பாடு, நடுவில் பன், இரண்டாவது சாப்பாடு, எல்லாம் அதே சீட்டோடு மேசையில் வரிசையாகக் காத்திருந்தன. பதினாலு மணி நேரமும் உப்பு கிடையாது!

பக்கத்து மேசையில் உப்புப் பொட்டலங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. நகத்தளவு பொட்டலம். தட்டக்காவின் கை அதுவாகவே போய் ஒன்றை எடுத்தது. துடைக்கிற காகிதத்துக்கு அடியில் செருகினால் யாருக்குத் தெரியும்? தெர்மாமீட்டர் அந்தப்பக்கம் குத்திக்கொண்டிருந்தார். பன்காரி குனிந்திருந்தாள்.

பொட்டலம் உள்ளங்கையில் வேர்வையில் ஒட்டிக்கொண்டது. அதே தள்ளுவண்டியில் இன்னும் நான்கைந்து உப்பில்லாத தட்டுகள் ஏறும். ஆகாயத்தில் யாராவது கை மாற்றிக் கொடுத்துவிட்டால்? இருதயம் பலவீனமான யாரோ ஒருத்தர், நம்பி, பிரித்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டால்? அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. தட்டக்கா பொட்டலத்தை டப்பாவிலேயே போட்டாள். "மன்னிச்சுக்கோடி குட்டி" என்று முணுமுணுத்துக்கொண்டு, உப்பில்லாத குழம்பை ஊற்றி மூடினாள். அழுகை வந்தது. தட்டு மேலே சொட்டக் கூடாதே என்று முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

தட்டுகளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிப் போயிற்று. மத்தியானம் சுவருக்கு அப்பால் இரைச்சல் கேட்டது. தெர்மாமீட்டர் அவள் மேசைக்கு வந்து, எதையும் குத்தாமல், "வெளியில போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்க நிக்கிறேன்" என்றார். தட்டக்கா தொப்பியோடும் கையுறையோடும் ஓடினாள். வயிறு மின்ன ஒரு விமானம் தலைக்கு மேலே ஏறிப் போனது. அது அதுதானா, வேறா என்று கூடத் தெரியவில்லை. ஆனாலும் கையாட்டினாள்.

வீட்டில் அப்பா போனில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிப்போவில் யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். "இந்தா, இந்த மஞ்சப் பொட்டுதான் நம்ம பொண்ணு. பாரேன், ஒரு ஸ்டாப் கெடையாது, ஒரு சிக்னல் கெடையாது. இப்படி ரோடு கெடச்சா நான்கூட ஓட்டுவேன்."

தட்டக்கா எட்டிப் பார்த்தாள். பொட்டு கடல் மேலே இருந்தது. "முதல் சாப்பாடு முடிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு, "என்னங்க, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று உப்புச் சமாசாரத்தைச் சொன்னாள்.

"நான் அன்னிக்கே வாயெடுத்தேன். நீ விட்டாத்தானே?"

"கோவத்துல துரத்திவிட்டதும் இல்லாம, உப்பில்லாம சோறு போட்டு அனுப்பினான்னு நெனைப்பாளே. வேணும்னே பண்ணினதா நெனைப்பாளே. இனிமே எங்க அவ வரப்போறா?" என்று உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவருக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. போனை அவள் மடியில் வைத்து, "பொட்டு நல்லாத்தான் போவுது பாரு" என்றார்.

மறுநாள் அப்பாவுக்கு ஒரு வரி வந்தது: வந்து சேர்ந்தாச்சு. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. தட்டக்கா வேலைக்குப் போனாள், வந்தாள். அதற்கடுத்த நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போனே அடித்தது. பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த சட்டை நழுவியது. காதில் வைத்தாள்.

"உப்பே இல்லம்மா!" என்று அந்தப்பக்கத்திலிருந்து கத்தல். "பன்னுல கூட இல்ல! எனக்கென்ன எண்பது வயசா?"

"குட்டி, நான் வேணும்னு பண்ணலடி. உன் பேரு போட்ட தட்டு என் கைக்கு வரணும்னு…"

"தெரியும்."

"தெரியுமா?"

"எல்லாருக்கும் முன்னாடி எனக்கு மட்டும் கொண்டு வந்து குடுத்தாங்க. நான் கேக்கலியேன்னு சொல்ல வந்தேன், பேரப் பாத்துட்டேன். அந்தத் தட்டெல்லாம் யாரு மேசையில செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? காலையில எதுக்கு நீ அப்படி ஓடினேன்னு அப்பத்தான் புரிஞ்சுது." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "பக்கத்துல இருந்தவரு பாவப்பட்டு, தன் தட்டுல இருந்த உப்புப் பொட்டலத்தைத் தர்றேன்னாரு. நான் வாங்கல."

"ஏன்டி? வாங்கிப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"நீ எப்படி வெச்சியோ அப்படியே சாப்பிடணும்னு தோணுச்சு. ரெண்டு தட்டையும் சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வெக்கல."

தட்டக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் அவரை எதையும் கேட்கச் சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது, அந்த வாசப்படி…" என்று ஆரம்பித்தாள். "என் வாய் அப்படிடி. மனசுல இல்ல. சத்தியமா இல்ல."

"அம்மா, அழாதே. இங்க பாரு, அடுத்த தடவை மட்டும் ஒழுங்கா உப்புப் போட்டுத் தட்டு வை. சொல்லிட்டேன்."

தட்டக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொழிலில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. "அது எப்படிடி முடியும்? எங்க கூடத்துத் தட்டு இங்கேர்ந்து கெளம்புற வண்டிக்குத்தான் ஏறும். நான் தட்டு வைக்கணும்னா நீ இங்கேர்ந்துதான் கெளம்பணும்."

"ஆமா."

"இங்கேர்ந்து கெளம்பணும்னா முதல்ல நீ இங்க வரணுமே."

"அதத்தாம்மா சொல்றேன்" என்றாள் மகள்.